எத்தனை தலைக்கு? – அறைச் சமையலுக்கு ஆச்சி பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கல்லூரிப் பிள்ளைகளுடையவை. ஜூலையில் கல்லூரி திறக்கும், ஆகஸ்டில் மெஸ் சாப்பாடு கசக்கும், செப்டம்பரில் எனக்குக் கடிதம் வரும். வருஷா வருஷம் இதே கணக்குதான். அதனால் இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. சத்துணவு அமைப்பாளராக 32 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள். வீடு பாளையங்கோட்டையில். மாடியில் இரண்டு அறைகளைக் கல்லூரிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். அறைச் சமையலின் வாசனை, புகை, தீய்ந்த நாற்றம் எல்லாம் படிக்கட்டு வழியாக என்னிடம் தானாக இறங்கி வந்துவிடும்.

கேள்வி: நாலு பேர் சேர்ந்து அறை எடுத்திருக்கிறோம். இண்டக்‌ஷன் அடுப்பு, 5 லிட்டர் குக்கர், ஒரு வாணலி இருக்கின்றன. மதியம் கல்லூரி கேன்டீன். ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் ஆளுக்கு மாதம் ஆயிரம் ரூபாயில் சமைத்துக்கொள்ள முடியுமா? போன மாதம் 1,700 ஆகிவிட்டது.
– மூன்றாம் ஆண்டு மாணவர், கோயம்புத்தூர்

முடியும் தம்பி. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று சொல். நேற்று ராத்திரி எத்தனை தலைக்குச் சமைத்தீர்கள், எத்தனை பேர் சாப்பிட்டீர்கள்?

சத்துணவுக் கூடத்தில் காலையில் வருகைக் கணக்கு வராமல் அரிசி அளக்க மாட்டோம். சின்ன வகுப்புப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி. 83 பிள்ளை வந்திருந்தால் 8 கிலோ 300 கிராம். பானை எவ்வளவு பெரிது என்பது அந்தக் கணக்கில் வரவே வராது. என் மாடிப் பையன்கள் இதற்கு நேர் எதிர். குக்கர் பெரிசாக இருக்கிறதே என்று அரிசியைக் கொட்டுவார்கள். உலை கொதிக்கும்போதுதான் ஒருத்தன் போன் பண்ணி, "மச்சான், நான் புரோட்டா சாப்பிட்டுட்டேன்" என்பான். மறுநாள் காலையில் அடுத்த வீட்டு மாட்டுக் கழனித் தொட்டியில் அந்தச் சோறு மிதக்கும். அந்த மாடு எந்தக் கல்லூரியிலும் சேராமலே நன்றாகத் தேறியிருக்கிறது.

உங்களுக்கும் அந்த 700 ரூபாய் அப்படித்தான் போயிருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குள் வாட்ஸப்பில் 'உண்டு', 'இல்லை' என்று நாலு பேரும் போட்டுவிட வேண்டும். பதில் போடாதவன் கணக்கில் இல்லை. பசியோடு வந்தாலும் இல்லை. ஒரு தடவை கண்டிப்பாக இருந்துவிட்டால் மறு தடவை ஐந்தரைக்கே பதில் வரும்.

இப்போது அளவு. காலேஜ் வயசுப் பையனுக்கு ஒரு வேளைக்கு 150 கிராம் அரிசி தாராளம். எலக்ட்ரிக் குக்கரோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் குவளை தருவார்களே, அது தலைதட்டி அளந்தால் ஏறக்குறைய 150 கிராம் பிடிக்கும். யாரிடமாவது கேட்டு வாங்கி அரிசி டப்பாவுக்குள்ளேயே போட்டுவை. தலைக்கு ஒரு குவளை. நாலு பேருக்கு 600 கிராம். மாதத்தில் 26 ராத்திரி என்று வைத்தால் 16 கிலோ வரும். எங்கள் தெருக் கடை விலையில் போட்டுப் பார்த்தேன். அரிசி 800 ரூபாய். துவரம்பருப்பும் பாசிப்பருப்பும் சேர்த்து 2 கிலோ, 280. எண்ணெய் 2 லிட்டர், 300. முட்டை வாரத்துக்கு மூன்று நாள், மாதம் 52 முட்டை, 340. காய்க்குத் தினம் 40 ரூபாய், 1,040. பாலுக்கும் தயிருக்கும் தினம் 30 ரூபாய், 780. புளி, மிளகாய், மல்லி, உப்பு, கடுகு வகையறா 350. கரண்ட்டுக்கு 200 ஒதுக்கு. எல்லாம் சேர்த்து 4,090. ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம். ஒரு ராத்திரிச் சாப்பாடு 40 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. உங்கள் ஊர் விலை முன்னே பின்னே இருக்கும், நீயே ஒரு தடவை போட்டுப் பார்.

காய்க்குத் தினம் 40 ரூபாய் போதுமா என்பாய். ராத்திரி எட்டு மணிக்குத் தெருமுனையில் வாங்கினால் போதாது. ஆர்.எஸ். புரத்திலும் சிங்காநல்லூரிலும் உழவர் சந்தை இருக்கிறது. வாசலிலேயே அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள், பேரம் பேசத் தெரியாத பிள்ளைகளுக்கு அது பெரிய உபகாரம். ஒரே ஒரு சங்கடம், காலையில் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் அறையில் எவன் எழுந்திருப்பானோ அவனுக்குப் பாத்திரம் கழுவுவதிலிருந்து அந்த வாரம் விடுதலை கொடுத்துவிடு. வாங்கும்போது வெண்டை, கத்தரி, கீரையை முதல் மூன்று நாளுக்கும், பூசணி, சேனை, உருளை, முட்டைகோஸை வாரக் கடைசிக்கும் என்று பிரித்து வாங்கு. அறையில் ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் கெடுகிற வரிசையில்தான் சமைக்க வேண்டும், ஆசை வரிசையில் இல்லை.

இன்னொன்று. குக்கரில் அரிசியானாலும் பருப்பானாலும் தண்ணீரோடு சேர்ந்து பாதிக்கு மேல் போகக் கூடாது. பருப்பு நுரைத்து மேலே வந்து வெயிட் துவாரத்தை அடைத்துவிடும். மாடியில் ஒரு தடவை சேஃப்டி வால்வு பிய்த்துக்கொண்டு போய், உட்கூரையில் துவரம்பருப்பு நட்சத்திரம் மாதிரி ஒட்டிக்கொண்டது. வெள்ளை அடித்த கூலியை அட்வான்ஸில் கழித்தேன்.

கேள்வி: அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி கிடைக்கும்போது மாணவர்கள் எதற்குச் சமைக்க வேண்டும்?
– ஒரு வாசகர், சென்னை

போய்ச் சாப்பிடுங்கள், யார் வேண்டாம் என்றது! 2013-இல் சென்னையில் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என்று வைத்தார்கள். காலையில் நாலு இட்லியை வெளியே சாப்பிட்டுவிட்டு ராத்திரிக்கு மட்டும் அடுப்பு மூட்டுகிற பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. மூன்று வேளையும் நானே சமைப்பேன் என்று வீம்பாகத் தொடங்குகிறவன் பத்தாம் நாள் ஒரு வேளையும் சமைக்க மாட்டான். நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: தனியார் பெண்கள் விடுதி. அடுப்பு, இண்டக்‌ஷன் எதற்கும் அனுமதி இல்லை. கெட்டில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். விடுதி ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கே முடிந்துவிடுகிறது, பதினோரு மணிக்குப் பசிக்கிறது. இப்போது கெட்டிலில் நூடுல்ஸ் வேகவைக்கிறேன். சோறும் வைக்கலாமா?
– முதலாண்டு மாணவி, சென்னை

வேண்டாம் மகளே. கெட்டில் தண்ணீர் கொதித்தால் தானாக அணைவதற்குச் செய்த பொருள். கஞ்சி பொங்கி வழிந்து அடித்தட்டில் இறங்கினால் கெட்டிலும் போகும், கரண்ட்டும் அடிக்கலாம். நூடுல்ஸையும் அதில் போடாதே. கெட்டிலில் தண்ணீர் மட்டும்தான் கொதிக்க வேண்டும், சமையல் வெளியே டிபன் டப்பாவில் நடக்கட்டும்.

இறுக மூடுகிற எவர்சில்வர் டப்பா ஒன்று வாங்கிக்கொள். அதில் ஒரு கைப்பிடி வறுத்த சேமியா, மேலே கொதிக்கிற தண்ணீர், மூடி, சுற்றி ஒரு துண்டு. ஏழெட்டு நிமிஷம் கழித்துத் தண்ணீரை வடித்துவிட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்பு, வறுத்த வேர்க்கடலை போட்டுக் கிளறு. கொதி தணிந்த தண்ணீரில் கெட்டி அவல் பத்து நிமிஷத்தில் ஊறிவிடும். அதில் வீட்டிலிருந்து வந்த புளிக்காய்ச்சல் ஒரு கரண்டி போட்டால் புளி அவல். நாங்கள் கிருஷ்ண ஜெயந்திக்குச் செய்வதை நீ ராத்திரி பதினோரு மணிக்குச் செய்கிறாய், கிருஷ்ணன் ஒன்றும் கோபிக்க மாட்டான். வெல்லமும் தேங்காயும் கிடைத்தால் இனிப்பு அவல்.

முட்டை மட்டும் கெட்டிலுக்குள் போகலாம், ஓடு நன்றாகக் கழுவியிருந்தால். முட்டை மூழ்கத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவை. அணைந்த பிறகு மூடியைத் திறக்காமல் கால் மணி நேரம் விட்டுவிடு. அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். ஆனால் அதே கெட்டிலில் தோழிகள் டீ போடுவார்கள் என்றால் முதலில் அவர்களைக் கேட்டுக்கொள். முட்டை சாப்பிடாத பிள்ளைகளும் இருப்பார்கள்.

கேள்வி: தூத்துக்குடிக்காரி, படிப்பது பெங்களூரில். எங்கள் பாட்டி உளுந்தஞ்சோறு வைப்பார்கள். அம்மாவுக்கு வராது, பாட்டி இப்போது இல்லை. தோழிகள் மூன்று பேர், நான் ஒருத்தி. அறையில் குக்கர் உண்டு, மிக்ஸி கிடையாது. சொல்லித் தருவீர்களா ஆச்சி?
– எம்.எஸ்ஸி. மாணவி, பெங்களூரு

இந்தக் கடிதத்துக்காகவே இந்த மாதம் எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்.

அறைப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல சாப்பாடு எங்கள் பக்கத்தில் கிடையாது. ஒரே பாத்திரம். சோறும் பருப்பும் ஒன்றாகவே வெந்துவிடும், தனியாகக் குழம்பு வேண்டாம். வயசுக்கு வந்த பிள்ளைக்கு இடுப்புக்குப் பலம் என்று கொடுப்பார்கள். அண்ணன் தம்பிகள் அடுக்களை வாசலில் நின்று, "எங்களுக்கு இடுப்பு இல்லையா?" என்று கேட்டு வாங்கித் தின்பார்கள்.

உனக்கு வேண்டியது தொலி உளுந்து. வெள்ளை உளுந்து இல்லை, கறுப்புத் தோலோடு உடைத்தது. பெங்களூரு மளிகைக் கடையில் கறுப்புத் தோல் இருக்கிற உடைத்த உளுந்து என்று கையைக் காட்டிக் கேள், கொடுப்பார்கள். மாவுக்கு வாங்குகிற வெள்ளை உளுந்தைப் போட்டால் சோறு கொழகொழவென்று ஆகும், அந்தத் தோல் மணமும் இருக்காது.

நாலு தலைக்கு, அந்தப் பிளாஸ்டிக் குவளையால் அரிசி இரண்டு, உளுந்து ஒன்று. 'தலைக்கு ஒரு குவளை என்றீர்களே ஆச்சி' என்று கேட்பாய். உளுந்து வயிற்றில் நிற்கும், மூன்று குவளை நாலு பேருக்குப் போதும். குக்கரை அடுப்பில் வைத்து, எண்ணெய் விடாமல் உளுந்தை வறு. நிறம் தெரியாது, கறுப்புதானே. மூக்கைத்தான் நம்ப வேண்டும். பச்சை வாசம் போய்க் கமகமவென்று வரும், ஒன்றிரண்டு பருப்பின் உட்பக்கம் பொன்னிறமாகத் தெரியும். அப்போது இறக்கிவிடு. தீய்ந்தால் கசந்துவிடும்.

அரிசியையும் உளுந்தையும் ஒன்றாகக் கழுவு, லேசாக. தோலை அலசித் துரத்திவிடாதே. ஒன்பது குவளை தண்ணீர், ஒரு தேக்கரண்டி சீரகம், அரைத் தேக்கரண்டி வெந்தயம், உரித்த பூண்டு பதினைந்து இருபது பல், அரை மூடி தேங்காய்த் துருவல், உப்பு. பூண்டு அதிகம் என்று பயப்படாதே, வெந்ததும் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். துருவி இல்லையென்றால் தேங்காயைக் கத்தியால் பொடிப்பொடியாகக் கீறிப் போடு, பல்லில் கடிபடுவதும் ஒரு சுகம். புழுங்கல் அரிசி என்றால் ஐந்து விசில், பச்சரிசி என்றால் நாலு போதும். ஆவி தானாக அடங்கட்டும். திறந்ததும் கரண்டிக் காம்பால் கிளறி ஒரு கரண்டி நல்லெண்ணெய் விடு. கட்டியாகிவிட்டால் வெந்நீர் தெளித்துக் கிளறு, பச்சைத் தண்ணீர் வேண்டாம்.

இதற்கு ஜோடி எள்ளுத் துவையல். மிக்ஸி இல்லை என்கிறாய், அதனால் எள்ளுப் பொடிதான். வீட்டில் அம்மாவிடம் சொல்லி, கறுப்பு எள், மிளகாய் வற்றல், உப்பு, துளி புளி வறுத்துத் திரித்துக் கொண்டுவந்துவிடு. தட்டில் இரண்டு கரண்டி பொடி, நடுவில் குழி, அதில் நல்லெண்ணெய். அப்பளம் இருந்தால் சந்தோஷம். அசைவம் சாப்பிடுகிற பிள்ளைகளாக இருந்தால் முதல் நாள் வைத்த கருவாட்டுக் குழம்பு இருந்தால் சொல்லவே வேண்டாம். ஆனால் பெங்களூரு அறையில் கருவாடு பொரித்தால் வீட்டுக்காரம்மா என்ன சொல்வாள் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

நாலு பேருக்கு இது எனக்கு 60, 70 ரூபாய்க்குள் அடங்குகிறது. உங்கள் பாட்டி கூட ஒரு துண்டு சுக்குத் தட்டிப் போட்டிருப்பார்களோ? சில வீடுகளில் உண்டு. சாப்பிட்டுப் பார்த்து, ஏதோ குறைகிறது என்று தோன்றினால் அடுத்த தடவை சுக்குப் போட்டுப் பார்.

கேள்வி: இண்டக்‌ஷனில் சமைத்தால் கரண்ட் பில் எகிறுகிறது என்று வீட்டு உரிமையாளர் மாதம் 500 ரூபாய் தனியாகக் கேட்கிறார். நியாயமா?
– இளங்கலை மாணவர், திருச்சி

நான் வீட்டுக்காரி கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் கணக்கு கணக்குதான். 1,200 வாட்டில் அடுப்பு ஒரு மணி நேரம் எரிந்தால் 1.2 யூனிட். மூன்று நாலு பேருக்குச் சோறும் ஒரு குழம்பும் வைக்க அரை மணி நேரத்திலிருந்து நாற்பது நிமிஷம் ஆகும். அதாவது ராத்திரிக்கு முக்கால் யூனிட். 26 ராத்திரிக்கு 20 யூனிட். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று கூட்டியே வைத்தாலும் 160 ரூபாய். அரிசியையும் பருப்பையும் அரை மணி நேரம் ஊறவைத்தால் அதிலும் குறையும். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு போய், "அண்ணாச்சி, 200 வாங்கிக்கோங்க" என்று மரியாதையாகக் கேள். உங்கள் அறைக்குத் தனியாக ஒரு சப் மீட்டர் போட்டுத் தரச் சொல்லிக் கேட்பது இன்னும் நல்லது. நான் மாடிக்குப் போட்டிருக்கிறேன், அன்றிலிருந்து சண்டை இல்லை. ஆனால் நீங்கள் வெந்நீருக்கு வாளியில் ஹீட்டரும் போடுகிறீர்கள் என்றால் அவர் கேட்கிற 500-இல் நியாயம் இருக்கிறது.

இன்னொரு செய்தி. சாதாரண அலுமினியப் பாத்திரம் இண்டக்‌ஷனில் சூடாகாது. கடையில் வாங்கும்போது ஒரு காந்தத்தைக் கொண்டுபோய் அடிப்பக்கம் வைத்துப் பார்த்து வாங்கு.

கேள்வி: என் மகன் ஓசூரில் படிக்கிறான். சமைக்கச் சோம்பல். சோற்றை மட்டும் வடித்துவிட்டுக் கடையில் குழம்பு வாங்கிக்கொள்கிறான். கெட்டுப்போகாமல் இங்கிருந்து என்ன அனுப்பலாம்?
– ஒரு தாய், விருதுநகர்

சோறு வடிக்கிறான் என்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டான், விடுங்கள் தங்கச்சி. பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, புளிக்காய்ச்சல் இந்த மூன்றும் போதும். அதற்கு மேல் அனுப்பினால் தின்ன மாட்டான், அடுக்கி வைத்து அழகு பார்ப்பான்.

பருப்புப் பொடிக்குத் துவரம்பருப்பும் பொட்டுக்கடலையும் சரிபாதி. தேங்காய் சேர்க்காதீர்கள், சிக்கு வாடை வந்துவிடும். புளிக்காய்ச்சல் கெடாமல் இருப்பது எண்ணெயால்தான். புளிக்கரைசல் சுண்டி, நல்லெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை இறக்காதீர்கள். ஆறிய பிறகுதான் பாட்டிலில் போட வேண்டும், சூட்டோடு மூடினால் ஆவி நீராகி உள்ளே சொட்டும், அங்கேதான் பூசணம் பிடிக்கும். பெரிய பாட்டில் ஒன்றுக்குப் பதிலாகச் சின்ன பாட்டில் நாலு அனுப்புங்கள். ஈரக் கரண்டியை விட்டால் ஒரு பாட்டில்தான் கெடும். அவன் ஈரக் கரண்டியை விடத்தான் செய்வான். எல்லாப் பையன்களும் விடுவார்கள்.

அப்புறம் அவனிடம் ரசம் மட்டும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். தக்காளியையும் புளியையும் கையால் கரைத்து, தட்டிய மிளகும் சீரகமும் பூண்டும் போட்டு, நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். பத்து நிமிஷ வேலை. கொதிக்க விட்டால் கெட்டுவிடும் என்கிற சமையல் அது, சோம்பேறிக்கென்றே கண்டுபிடித்தது.

கேள்வி: ஜிம்முக்குப் போகிறேன். புரதப் பவுடர் வாங்கக் காசில்லை. மலிவாகப் புரதத்துக்கு என்ன வழி?
– பொறியியல் மாணவர், மதுரை

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். வேர்க்கடலை 100 கிராமில் 25. பாசிப்பயறு அதே அளவில் 24. மீல் மேக்கரில் பாதிக்குப் பாதி புரதம்தான், 100 கிராமுக்கு 50-க்கு மேல். அதை வெந்நீரில் ஊறவைத்து, பிழிந்து, மறுபடி தண்ணீர் மாற்றிப் பிழிந்தால் அந்த வாடை போய்விடும். பிறகு வெங்காயம் தக்காளியோடு வதக்கு. ஒரே நாளில் கால் கிலோ தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எனக்கு எழுதாதே. சத்துணவில் செவ்வாய்க்கிழமை பிள்ளைக்கு 20 கிராம் கொண்டைக்கடலையோ பயறோ வேகவைத்துப் போடுவோம். அன்றைக்கு வருகை கூடுதலாக இருக்கும்.

கேள்வி: ராத்திரி மிஞ்சும் சோற்றைக் குக்கரிலேயே மூடி வைத்துவிட்டுக் காலையில் முட்டை போட்டு ஃபிரைட் ரைஸ் செய்கிறோம். போன வாரம் இரண்டு பேருக்கு வாந்தி. முட்டைதான் காரணமா?
– பாலிடெக்னிக் மாணவர், நாகர்கோவில்

முட்டை மேல் பழி போடாதே, சோற்றின் மேல்தான் எனக்குச் சந்தேகம். பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. அரிசியோடு வரும். அதன் வித்துகள் உலையில் கொதித்தாலும் சாகாது. வெதுவெதுப்பான சோற்றில் ராத்திரி முழுக்கப் பெருகி நஞ்சைக் கக்கிவிடும். காலையில் எவ்வளவு சூட்டில் வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது. மூடின குக்கருக்குள் சோறு மணிக்கணக்கில் இளஞ்சூடாகவே இருக்கும், கிருமிக்கு அதைவிட வசதியான அறை கிடைக்காது. வாடகையும் இல்லை. வாந்தி நிற்காமல் போனால், தலை சுற்றினால், கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

ஃபிரிட்ஜ் இருந்தால் சாப்பிட்டு முடித்த கையோடு, அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து உள்ளே வை. இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது பழைய சோறு. நன்கு கழுவிய பாத்திரம், ஆறின சோறு, அது மூழ்கும்படி நல்ல தண்ணீர். விடியும்போது லேசாகப் புளித்திருக்கும். புளிப்பு ஏறினால் அந்தக் கிருமிகளுக்கு அங்கே பிழைப்பு கடினம். காலையில் கைவிட்டுப் பார், பிசுபிசுவென்று நூல் விட்டாலோ வேறு நாற்றம் அடித்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடு. நன்றாக இருந்தால் கெட்டி மோர், உப்பு, நாலு சின்ன வெங்காயம், ஒரு மோர் மிளகாய். இதையே இப்போது ஓட்டலில் மண்சட்டியில் வைத்துக் காசு வாங்குகிறார்கள். என் மாடிப் பையன் ஒருவன் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து என்னிடமே பெருமையாகச் சொன்னான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனாலும் தினமும் சோறு மிஞ்சுகிறது என்று எழுதியிருக்கிறாய் பார், அதுதான் எனக்கு உறுத்துகிறது. கோயம்புத்தூர்த் தம்பிக்கு எழுதியதை நீயும் படி. அங்கே மாடு, இங்கே வாந்தி.

கேள்வி: ஜெர்மனியில் முதுகலை படிக்கிறேன். இந்தியக் கடைக்குப் போக ரயிலில் ஒரு மணி நேரம். துவரம்பருப்பு விலையும் அதிகம். இங்கே பக்கத்துக் கடையில் கிடைப்பதை வைத்துச் சமாளிக்க முடியுமா?
– ஒரு வாசகர், ஜெர்மனி

எனக்குச் சொந்த அனுபவம் இல்லை. ஆனால் முன்பு மாடியில் இருந்த ஒரு பையன் இப்போது அங்கேதான் படிக்கிறான், ஞாயிறுதோறும் போனில் சமையல் கேட்பான். அவன் சொன்னது: அங்கே சாதாரணக் கடையிலேயே ரோட்டே லின்சன் என்று ஒரு சிவப்புப் பருப்பு கிடைக்கும். அது வேறொன்றும் இல்லை, நம் மைசூர்ப் பருப்புதான். ஊறவைக்க வேண்டாம், குக்கரும் வேண்டாம், கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். சாம்பார் கொஞ்சம் மாவு மாதிரி இருக்கும், பழகிக்கொள். மில்ஷ்ரைஸ் என்று பால் பாயசத்துக்கு விற்கிற குண்டு அரிசி இருக்கிறதாம். அது ஒட்டும் ஜாதி. அதனால் தயிர் சாதத்துக்கும் வெண்பொங்கலுக்கும் அதையே போடச் சொன்னேன், நன்றாக வந்தது என்றான். ஊரிலிருந்து வரும்போது பெருங்காயம், கடுகு, மல்லிப்பொடி, புளி மட்டும் சுமந்து போனால் போதும். அரிசியைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தோள் வலிக்கிறது.

கேள்வி: எவ்வளவு கவனமாகப் போட்டாலும் குழம்பில் உப்பு கூடிவிடுகிறது. உருளைக்கிழங்கைப் போட்டால் உறிஞ்சிவிடும் என்கிறார்களே, உண்மையா?
– முதலாண்டு மாணவர், தஞ்சாவூர்

கிழங்கு குழம்பைக் குடிக்கும், உப்பை மட்டும் பொறுக்கி எடுக்காது. கிழங்கும் உப்புக் கரிக்கும், குழம்பும் உப்புக் கரிக்கும். புளித்தண்ணீரோ வெந்த பருப்போ விட்டு அளவைக் கூட்டுவதுதான் வழி. கூட்டினால் மிஞ்சும். அன்றைக்கு மட்டும் பக்கத்து அறைக்காரனையும் சாப்பிடக் கூப்பிடு, அவன் தலைக்கும் ஒரு குவளை அரிசி போட்டுவிட்டு.